முடித்த டிவிடியை மறுபடி எடிட் செய்யும்போது படம் கெடாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண டிவிடி, சீமந்த டிவிடி, தாத்தாவின் சதாபிஷேக டிவிடி என்று வீட்டு அலமாரியில் கிடப்பவை எல்லாம் ஸ்டூடியோவில் எடிட் செய்து, பாட்டு சேர்த்து, டிஸ்க்கில் எழுதி முடித்துக் கொடுத்தவை. அதிலிருந்து சில பகுதிகளை எடுத்துப் புதிதாக ஒரு வீடியோ செய்ய உட்காருபவர்களுக்கு வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்குகளை இதில் சேர்க்கவில்லை. அவற்றுக்குப் பூட்டும் உண்டு, காப்புரிமையும் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கில் இல்லாத தெளிவை நம்மால் கொண்டுவர முடியாது. ஆனால் டிஸ்க்கில் இருக்கும் தெளிவு மொத்தத்தையும் புது வீடியோவில் காப்பாற்ற முடியும். பலரும் அதில் பாதியை எடிட்டிங் தொடங்குவதற்கு முன்பே, டிஸ்க்கிலிருந்து படத்தை எடுக்கும்போதே தொலைத்துவிடுகிறார்கள்.

டிவியில் போட்டால் நன்றாக இருக்கிறது. எடிட் செய்து முடித்ததும் ஏன் மங்கிப் போகிறது?

டிவிடியில் இருப்பது ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்ட படம். எம்பெக்-2 என்ற சுருக்க முறையில் 12 அல்லது 15 ஃபிரேமுக்கு (வீடியோவில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஒன்றுதான் முழுப் படமாகப் பதிவாகும். நடுவில் வருபவற்றில், முன்பின் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற கணக்குதான் இருக்கும். நிறத் தகவல் இன்னும் குறைவு, நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற அளவில்தான் இருக்கும். இப்படிச் சுருக்கியதை விரித்து, மறுபடி சுருக்கும்போது, முதல் சுருக்கத்தில் வந்த பிழைகளையும் படத்தின் பகுதி என்றே மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் இருக்கும் பிட்ரேட்டை, அதாவது ஒவ்வொரு நொடிக்கும் ஒதுக்கிய தகவல் அளவை, அந்தப் பிழைகளைக் காப்பாற்றுவதிலும் செலவழிக்கிறது.

முதலில் ஒரு கன்வெர்ட்டரில் எம்பி4 ஆக்குவது, அதை எடிட்டரில் போட்டு எக்ஸ்போர்ட் செய்வது, 'சைஸ் பெரிசா இருக்கே' என்று மறுபடி ஒரு முறை சுருக்குவது. வழக்கமாக நடப்பது இதுதான். மூன்று சுருக்கத்தில் பட்டுப்புடவையின் சரிகை மஞ்சள் பட்டையாகிவிடும். டிஸ்க்கிலிருந்து கடைசி வீடியோ வரைக்கும் தரம் இழக்கும் சுருக்கம் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவும் இதற்கான வழிகள்தான்.

முடித்த டிஸ்க்கிலேயே நேரடியாகத் திருத்த முடியாதா?

முடியாது. டிவிடி-ஆர் டிஸ்க்கை எழுதி 'ஃபைனலைஸ்' செய்துவிட்டால் அதில் எதையும் மாற்ற இடமில்லை. உள்ளே இருப்பதை கணினிக்கு எடுத்து, அங்கே எடிட் செய்து, புதிதாக எழுத வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து படத்தை எப்படி எடுப்பது?

முதல் வேலையாக டிஸ்க்கை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். இனி எல்லா வேலையும் அந்த நகலில்தான். டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப டிரைவில் சுற்றவிட வேண்டாம்.

அதைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஓபி என்று முடியும் கோப்புகளில்தான் படமும் ஒலியும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாமல் துண்டு போட்டிருப்பார்கள். இந்தத் துண்டுகள் காட்சி முடியும் இடம் பார்த்து வெட்டப்பட்டவை அல்ல. முகூர்த்தத்தின் நடுவில்கூட ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடிட்டரில் இழுத்துப் போட்டால் சேரும் இடத்தில் படம் துள்ளும், ஒலி விட்டுப் போகும். பெயரை எம்பிஜி என்று மாற்றிப் போடும் பழைய குறுக்குவழியிலும் இதே தொல்லைதான்.

மேக்எம்கேவி மாதிரி ஒரு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அது எல்லாத் துண்டுகளையும் சரியான வரிசையில் கோத்து ஒரே எம்கேவி கோப்பாகத் தரும். மறுசுருக்கம் எதுவும் நடக்காது, டிஸ்க்கில் இருந்த எம்பெக்-2 அப்படியே வரும். ஒரு விஷயம் கவனியுங்கள்: 120 நொடிக்குக் குறைவான பகுதிகளை அது தானாகவே ஒதுக்கிவிடும். ஸ்டூடியோக்காரர் முன்னால் சேர்த்த சின்ன அறிமுகம் வேண்டுமென்றால் அந்த அளவை அமைப்பில் குறைத்துவிட்டு எடுங்கள்.

டிவிடியை ஓடவிட்டுத் திரையைப் பதிவு செய்வதும், டிவிக்கு முன்னால் ஃபோனை வைத்து எடுப்பதும் வேறு வழியே இல்லாத நேரத்துக்கு மட்டும்.

கை கால் அசையும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வருகின்றன. டிஸ்க் கெட்டுவிட்டதா?

இல்லை. அது இன்டர்லேஸ், டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை. நம் ஊர் டிவிடிகள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிந்தவை: 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம். கல்யாண கேமராவில் எடுத்த ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. ஒற்றைப்படை வரிசைகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிசைகள் அதிலிருந்து ஐம்பதில் ஒரு நொடி தள்ளியும் எடுக்கப்பட்டவை. பழைய டியூப் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கணினியும் ஃபோனும் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், ஆடும் கையில் இரண்டு வேறு கணங்கள் பின்னிக்கொண்டு தெரிகின்றன.

இதை டீஇன்டர்லேஸ் செய்துதான், அதாவது பின்னிய ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃபிரேமாக்கித்தான், சரியாக்க வேண்டும். பல எடிட்டர்கள் இதை அரைகுறையாகத்தான் செய்கின்றன. ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சமிருக்கும் 288 வரிசையை 576 ஆக இழுத்துவிடும். கோடு போய்விடும், கூடவே பாதித் தெளிவும் போய்விடும். இரண்டு ஃபீல்டையும் கலந்துவிடும் முறை இன்னும் மோசம், அசையும் இடமெல்லாம் நிழல் படியும்.

சரியான வழி, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக வளர்த்து நொடிக்கு 50 ஃபிரேம் ஆக்குவது. மாப்பிள்ளை அழைப்பில் நடக்கும் ஆட்டம் எல்லாம் டிவியில் பார்த்த அதே வழுவழுப்போடு வரும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் அமைப்பில் 'பாப்' (Bob) என்பதைத் தேர்ந்து, ஃபிரேம் வேகத்தை 50 என்று வையுங்கள். எஃப்எஃப்எம்பெக் பழக்கம் உள்ளவர்கள் பிடபிள்யூடிஐஎஃப் (bwdif) வடிகட்டியைப் பயன்படுத்தலாம். பொறுமை இருந்தால் ஏவிஐசின்த் மென்பொருளில் கியூடிஜிஎம்சி (QTGMC) வடிகட்டி. நேரம் நிறைய எடுக்கும். ஆனால் புடவைக் கரை, மாவிலைத் தோரணம் மாதிரி மெல்லிய கோடுகள் நடுங்காமல் நிற்பதைப் பார்த்தால் காத்திருந்தது வீணில்லை என்று தெரியும்.

டீஇன்டர்லேஸ் செய்யும் முன்பு படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அப்படிச் செய்தால் சீப்புக் கோடுகள் படத்தோடு கலந்து உறைந்துவிடும். பிறகு எந்த வடிகட்டியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

கோடு போய்விட்டது, ஆனால் அசைவு முன்னும் பின்னும் துள்ளுகிறது.

ஃபீல்டு வரிசை தலைகீழாகிவிட்டது. மினி டிவி (MiniDV) என்ற கேமரா டேப்பில் எடுத்தவற்றில் கீழ் ஃபீல்டு (இரட்டைப்படை வரிசைகள்) முதலில் வரும். டிவிடிக்கு எழுதும் பல மென்பொருள்கள் மேல் ஃபீல்டு முதலில் என்று வைத்துக்கொள்ளும். டிவிடி எழுதியபோதோ இப்போது நீங்கள் எடிட்டரில் போட்டபோதோ எங்கோ இது இடம் மாறியிருக்கிறது. 50 ஃபிரேம் ஆக்கிய வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். நடந்து வருபவர் இரண்டடி முன்னால், ஓரடி பின்னால் என்று போனால் ஃபீல்டு வரிசையை எதிர்ப்பக்கம் மாற்றி மறுபடி செய்யுங்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டு கேமராவின் படம் கலந்திருந்தால் சில காட்சிகளில் மட்டும் இது வரும். அவற்றைத் தனியே வெட்டித்தான் சரி செய்ய வேண்டும்.

எல்லார் முகமும் ஒல்லியாக, இல்லாவிட்டால் அகலமாகத் தெரிகிறது.

டிவிடியின் புள்ளிகள் சதுரம் இல்லை. அதே 720க்கு 576 தான் பழைய 4:3 டிவிக்கும் 16:9 டிவிக்கும். எப்படி விரிக்க வேண்டும் என்ற குறிப்பு தனியாக இருக்கும். எடிட்டர் அந்தக் குறிப்பைக் கவனிக்காவிட்டால் உருவம் மாறிவிடும். 4:3 படத்தை 768க்கு 576 ஆகவும், 16:9 படத்தை 1024க்கு 576 ஆகவும் விரித்தால் சரியாக வரும். 4:3 படத்தை அகலத் திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும், பாட்டியின் முகம் பாட்டியின் முகமாகத் தெரிய வேண்டும்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது. எதனால்?

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் முதலில் எது என்று கண்டுபிடியுங்கள். டிஸ்க்கின் நகலை விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு அதே இடத்தைப் பாருங்கள். அங்கே கட்டம் இல்லை, உங்கள் வீடியோவில்தான் இருக்கிறது என்றால் எக்ஸ்போர்ட் பிட்ரேட் போதவில்லை. கட்டங்கள் பச்சை, ஊதா என்று திடீரென்று தோன்றி, படம் நின்று நின்று ஓடினால் அது கீறலோ அழுக்கோ (அடுத்த கேள்வியைப் பாருங்கள்). டிஸ்க்கிலேயே, கூட்டமும் அசைவும் உள்ள இடங்களில் மட்டும் கட்டம் தெரிந்தால், எழுதும்போதே அதிக நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்திருக்கிறார்கள்.

கணக்கு எளிது. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் எழுதினால் நொடிக்கு ஏறக்குறைய 5.2 மெகாபிட் கிடைக்கும், அது பரவாயில்லை. மூன்று மணி நேரம் என்றால் 3.5, நான்கு மணி நேரம் என்றால் 2.6. இதில் ஒலிக்கும் பங்கு உண்டு. ஸ்டூடியோவில் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் ஆகப் போட்டிருந்தால் அதுவே 1.5 மெகாபிட்டைத் தின்றுவிடும்.

இதில் மனதுக்குக் கஷ்டமான விஷயம் என்னவென்றால், மாங்கல்யதாரணம் நடக்கும் அந்த நிமிடத்தில்தான் எம்பெக்-2 மிகவும் திணறும். அட்சதை பறக்கிறது, நாலா பக்கமும் ஃபிளாஷ் அடிக்கிறது, ஹோமப் புகை நகர்கிறது. ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதிலிருந்து முழுக்க மாறிவிடுகிறது. பிட்ரேட் குறைவாக இருந்தால் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்க விரும்பும் இடமே உடைந்து போகும்.

இப்படி டிஸ்க்கில் பதிந்துவிட்ட கட்டங்களை லேசான டீபிளாக் வடிகட்டியால் கொஞ்சம் மென்மையாக்கலாம். அந்தக் காட்சிக்கு மட்டும் போடுங்கள், முழு வீடியோவுக்கும் வேண்டாம். ஷார்ப்பன் பக்கம் போகவே வேண்டாம். அது முகத்தைக் கூர்மையாக்கும் முன்பு கட்டங்களின் ஓரத்தைக் கூர்மையாக்கிவிடும்.

டிஸ்க் பாதியில் நின்றுவிடுகிறது. காப்பாற்ற வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிய கீறல், தடத்தின் போக்கிலேயே விழுந்து நிறையத் தகவலை ஒரே இடத்தில் அழித்துவிடும். பற்பசை வைத்தியம் வேண்டாம். மேலே ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்கவும் வேண்டாம்.

பிறகு வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவது சகஜம். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளின் அருமை இங்கேதான். படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களைக் குறிப்புக் கோப்பில் எழுதி வைக்கும். அதே கோப்போடு இன்னொரு டிரைவில் ஓடவிட்டால் ஓட்டைகளை மட்டும் நிரப்பும்.

இன்னொரு வழியைப் பலரும் யோசிப்பதில்லை. கல்யாண டிவிடியில் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று காப்பி கொடுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதியவை என்றால் உள்ளே இருப்பது அட்சரம் பிசகாமல் ஒன்றுதான். நம் டிஸ்க்கில் விட்டுப்போனதைச் சம்பந்தி வீட்டு டிஸ்க்கிலிருந்து டிடிரெஸ்க்யூவால் நிரப்பிவிடலாம். இரண்டிலும் ஒரே இடத்தில் கீறல் விழுந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேறு எதற்கும் செலவழிக்கும் முன்பு அவர்களுக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.

கறுப்பு சாம்பலாக வெளுத்துவிட்டது, அல்லது கறுத்த முடி ஒரே இருட்டாகிவிட்டது.

டிவிடியில் கறுப்பு 16, வெள்ளை 235 என்ற அளவுக்குள் பதிவாகியிருக்கும். கணினி 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். எங்கோ ஒரு மென்பொருள் இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டால் வெளுக்கும், இரண்டு முறை செய்தால் இருட்டும். எடிட்டரில் ஒளியளவைக் கையால் திருத்துவதற்கு முன்பு இந்த அமைப்பைச் சரிபாருங்கள். வீடியோ லைட் வெளிச்சத்தில் முழுக்க வெளுத்துப்போன வேட்டி சட்டையின் மடிப்பு மட்டும் திரும்ப வராது. அது கேமராவிலேயே பதிவாகவில்லை.

எனக்கு வெட்டி ஒட்டினால் மட்டும் போதும். அதற்கும் தரம் குறையுமா?

குறையத் தேவையில்லை. அவிடெமக்ஸ் அல்லது லாஸ்லெஸ்கட்டில் மறுசுருக்கம் இல்லாமலே வெட்டலாம். முழுப் படமாகப் பதிந்த ஃபிரேமில் மட்டும்தான் வெட்ட முடியும் என்பதால் நீங்கள் நினைத்த இடத்துக்கு அரை நொடி முன்பின் ஆகலாம். ரிசப்ஷனில் வரிசையாக வந்து பரிசு கொடுக்கும் ஒரு மணி நேரத்தை எடுத்துவிட இது தாராளமாகப் போதும். இந்த வேலைக்கு யாரும் பெரிய எடிட்டரைத் திறக்க வேண்டாம்.

டைட்டில், புது இசை எல்லாம் சேர்க்க வேண்டும். அப்போது என்ன முறை?

டிஸ்க்கிலிருந்து எடுத்த எம்கேவியை டீஇன்டர்லேஸ் செய்து ஓர் இடைநிலைக் கோப்பாக மாற்றுங்கள். யூட்வீடியோ மாதிரி இழப்பில்லாத கோடெக் (சுருக்கும் முறை), அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவே இழக்கும் புரோரெஸ். கோப்பு பெரிதாகத்தான் வரும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். இதை வைத்து எடிட் செய்தால், காட்சிகளை அடுக்கும் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும், ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம்.

எடிட்டரில் முதலில் டைம்லைன் அளவைப் படத்துக்குத் தக்கபடி வையுங்கள்: நொடிக்கு 50 ஃபிரேம், இன்டர்லேஸ் இல்லை. வரிசையும் முக்கியம். புள்ளி இரைச்சலைக் குறைப்பது முதலில், பிறகு நிறம், பெரிதாக்குவது கடைசியில். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஹெச்.264 சுருக்க முறை, பிட்ரேட்டைக் கட்டிவைக்காமல் தரத்தைக் கட்டிவைக்கும் சிஆர்எஃப் முறை, 18 என்ற அளவு. கோப்பு இரண்டு ஜிபி வந்தாலும் விட்டுவிடுங்கள்.

போகப் போக நாதஸ்வரச் சத்தம் படத்துக்குப் பின்னால் வருகிறது.

அநேகமாக விஓபி கோப்புகளைத் தனித்தனியாகச் சேர்த்ததன் விளைவு. ஒவ்வொரு துண்டிலும் நேரக் குறிப்பு கொஞ்சம் நழுவி, கடைசியில் பெரிதாகத் தெரியும். மேலே சொன்னபடி ஒரே கோப்பாக எடுத்தால் போய்விடும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்திருங்கள், 44.1க்கு மாற்ற வேண்டாம்.

கனடாவில் நடந்த வரவேற்பின் டிஸ்க்கையும் ஊரில் நடந்த கல்யாண டிஸ்க்கையும் ஒன்றாக்க முடியுமா?

முடியும். வட அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி முறை: 720க்கு 480, நொடிக்கு 29.97 ஃபிரேம். இரண்டையும் தனித்தனியாக டீஇன்டர்லேஸ் செய்து 50, 59.94 என்று ஆக்கிய பிறகே டைம்லைனில் சேருங்கள். எதில் காட்சி அதிகமோ அதன் வேகத்தை டைம்லைனுக்கு வையுங்கள். மற்றதில் மிக லேசான துள்ளல் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவை வைத்து 4கே ஆக்கலாமா?

செய்யலாம், ஆனால் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். இந்த மென்பொருள்கள் இல்லாத விவரத்தைத் தாமாக வரைகின்றன. புடவை, கோபுரம், தோரணம் இவற்றில் அழகாகவே வரும். கூட்டத்தில் தூரத்தில் நிற்கும் சித்தப்பாவின் முகம் இருபது புள்ளி அகலம்தான் இருக்கும். அதிலிருந்து அது வரைவது வேறு யாரோ ஒருவரின் முகம். இறந்துபோனவர்களைப் பார்ப்பதற்காகவே இந்த டிஸ்க்கைத் திறக்கும் வீடுகளில் இதை நான் ஏற்கமாட்டேன். 1080 வரைக்கும் சாதாரணமாகப் பெரிதாக்கினால் போதும். டீஇன்டர்லேஸ் ஒழுங்காக நடந்திருந்தால் அதுவே பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

எங்களிடம் இருப்பது விசிடி. இதே முறைதானா?

கோப்பு 'எம்பெக்ஏவி' ஃபோல்டரில் டிஏடி என்று முடியும். படம் 352க்கு 288 தான், எம்பெக்-1. இன்டர்லேஸ் தொல்லை இல்லை. தெளிவு டிவிடியில் கால்பங்கு, அதனால் பெரிதாக்கும்போது அடக்கம் தேவை. சிடியில் தகவல் படலம் மேல்பக்க அச்சுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் எழுத்துப் பக்கம் கீறினாலும் போய்விடும். விசிடி வைத்திருப்பவர்கள் நகலெடுப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு மந்திரச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ஸ்டூடியோவில் அசல் ஒலியை அணைத்துவிட்டுப் பாட்டை வைத்திருந்தால் முடியாது. இரண்டையும் கலந்திருந்தால் ஒலிப் பிரிப்பு மென்பொருள்களால் ஓரளவு முடியும். இதய வடிவச் சட்டம், பறக்கும் ரோஜா, எரிந்தபடி வரும் பெயர் எல்லாம் படத்தோடு ஒன்றாகிவிட்டவை, அவற்றையும் எடுக்க முடியாது.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்பு ஸ்டூடியோவில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மினி டிவி டேப் கிடைத்தால் அது வேறு உலகம். நொடிக்கு 25 மெகாபிட் வீடியோ, மேலே ஒட்டிய எந்த அலங்காரமும் இல்லை, அசல் ஒலி அப்படியே இருக்கும். டேப்பை ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் இழப்பு இல்லை. ஆனால் டேப்பைத் திரும்பப் பயன்படுத்துவது பல இடங்களில் வழக்கமாக இருந்ததால், கிடைக்காவிட்டால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

திருத்தியதை மறுபடி டிவிடியாகவே கொடுக்கச் சொல்கிறார்கள்.

டைம்லைனை 50லிருந்து மறுபடி 25 ஃபிரேம் இன்டர்லேஸ் ஆக்கி எழுத வேண்டும், மேல் ஃபீல்டு முதலில். ஒரு டிஸ்க்கில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒலி ஏசி-3 என்ற சுருக்கிய வடிவில் இருக்கட்டும். மிச்சத்தை இரண்டாவது டிஸ்க்கில் எழுதுங்கள். பென்டிரைவில் எம்பி4 ஆகவும் ஒன்று போட்டுக் கொடுங்கள், அதில்தான் தரம் கூடுதலாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மறுபடி மங்குகிறதே?

வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒரு முறை சுருக்கும். 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். அதற்கு மேல் இருந்தால் கூகுள் டிரைவ் இணைப்பைக் கொடுத்துவிடுங்கள், ஓடவிட்டுப் பார்க்காமல் இறக்கிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.